பெட்டிக்குள் பெட்டியும் கட்டப் பட்டியலும்

கணிப்பொறித் துறையில் பயிலும் நம்மில் பலரும் திரையில் ஓர் அட்டவணையைக் காட்டுவதைப் பெரிய வேலையாக எண்ணுவதில்லை. தரவைக் கொண்டுவந்து கட்டப் பட்டியலிடம் ஒப்படைத்துவிட்டால் அதுவே வரிவரியாக எழுதிக் காட்டிவிடும் என்பது நம் நம்பிக்கை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். சென்ற கல்வியாண்டில் உதவித்தொகைப் பட்டியல் ஒன்றுக்காக நான் எழுதிய சிறு நிரல் அந்த நம்பிக்கையைக் கலைத்தது. அப்போது கற்றுக்கொண்டதைச் சக மாணவர்களுக்காகவும், பிழை இருப்பின் திருத்தும் உரிமையுடைய ஆசிரியப் பெருமக்களுக்காகவும் இங்கு எழுதுகிறேன்.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டப் பட்டியல் என்று நான் குறிப்பது கிரிட் எனப்படும் திரைக் கருவியை. அதில் குறுக்கே செல்வதை வரி என்றும், நெடுக்கே செல்வதைப் பத்தி என்றும் எழுதுகிறேன். கணிதத் துறை நண்பர்கள் நிரை, நிரல் என்பர். ஆனால் நம் துறையில் நிரல் என்பது புரோகிராமுக்கு உரிய சொல்லாகிவிட்டது. அதுபோலவே கிளாஸ் என்பதை வகுப்பு என்று எழுதினால் ஒன்பதரை மணி வகுப்பு நினைவுக்கு வருமாகையால், இனம் என்றே எழுதுகிறேன். ஆப்ஜெக்ட் என்பது பொருள். அதன் பிராப்பர்ட்டி, பண்பு.

என் நிரலில் மாணவர் என்று ஓர் இனம் இருந்தது. பதிவு எண், பெயர் ஆகியவை அதன் எளிய பண்புகள். முகவரி என்பது தனி இனம். தெரு, ஊர், அஞ்சல் எண் என்பன அதற்குள் அடங்கும். வங்கிக் கணக்கும் தனி இனமே. வங்கி, கிளை, கணக்கு எண், பதினோரு எழுத்துகளாலான ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு ஆகியவை அதற்குள் இருக்கும். இப்படிப் பெட்டிக்குள் பெட்டியாக வைப்பது நல்ல முறை என்றே நமக்குக் கற்பிக்கப்படுகிறது, அது உண்மையும்கூட. நிரலை எழுதியது சி ஷார்ப் மொழியில். திரைக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸில் உள்ள டேட்டா கிரிட் வியூ என்னும் கட்டப் பட்டியலை எடுத்துக்கொண்டேன்.

அறுபத்திரண்டு மாணவர்களைக் கொண்ட பட்டியலை அதனிடம் கொடுத்தேன். பதிவு எண்ணும் பெயரும் ஒழுங்காக வந்தன. முகவரிப் பத்தியில் மட்டும் எல்லா வரிகளிலும் ‘உதவித்தொகை.முகவரி’ என்ற ஒரே வாசகம் நின்றது. அது யாருடைய ஊரும் அன்று. என் இனத்தின் முழுப் பெயர். வங்கிக் கணக்குப் பத்தியிலும் அதே கதை. அடுக்குக் கேரியரில் சோறு கேட்டவருக்கு மூடியின் மேல் பொறித்த பெயரைப் படித்துக் காட்டியது போல இருந்தது.

சரி, பத்தியின் தரவுப் பெயராக ‘முகவரி.ஊர்’ என்று புள்ளி வைத்து எழுதினால் உள்ளே போய் எடுத்துவரும் என்று எண்ணி அப்படியே செய்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. பத்தி மட்டும் வெறுமையாக இருந்தது. பிழை சொல்லாமல் வெறுமையாக நிற்பதுதான் கற்பவனை அதிகம் அலைக்கழிக்கும். எங்கே தவறு என்று தேடக்கூட ஒரு நுனி கிடைப்பதில்லை.

அந்த அவசரத்தில் நான் செய்தது இது. பட்டியலைப் பிணைத்து முடித்தபின், ஒரு சுழற்சிக் கட்டளையால் ஒவ்வொரு வரியாகச் சென்று, ஊரையும் கணக்கு எண்ணையும் குறியீட்டையும் அந்தந்தக் கட்டத்தில் நானே எழுதிவிட்டேன். திரை அழகாக நிறைந்துவிட்டது. உதவித்தொகைப் பிரிவைக் கவனிக்கும் அக்காவிடம் காட்டினேன், மகிழ்ந்தார்.

பலருடைய விண்ணப்பங்களில் குறியீடு பழையதாக இருந்தது. 2020 ஏப்ரல் 1-இல் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்தது. வேறு சில வங்கிகளும் அன்றே இணைந்தன. அதன்பின் பல கிளைகளின் குறியீடுகள் மாறின. வீட்டில் கிடந்த பழைய கணக்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதியவர்கள் பழைய குறியீட்டையே எழுதியிருந்தனர். அக்கா ஒரு மதியம் முழுவதும் அமர்ந்து, நகல்களைப் பார்த்து நாற்பத்தொரு திருத்தங்களை அந்தக் கட்டங்களில் அடித்தார். அடித்தவை திரையில் நின்றன. ‘சேமி’ பொத்தானை அழுத்தினார். மறுநாள் காலை அச்செடுத்துப் பார்த்தபோது நாற்பத்தொன்றும் பழையபடியே இருந்தன.

“தம்பி, நேற்று நான் அடித்ததெல்லாம் எங்கே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தேவலை.

பட்டியல் அன்று மாலையே போயாக வேண்டும். நானும் நண்பர்கள் இருவரும் அமர்ந்து நாற்பத்தொன்றையும் மீண்டும் திருத்தினோம், இம்முறை நேராகக் கோப்பில். அக்கா அச்செடுத்துப் பார்க்கும் பழக்கமுடையவராக இல்லாதிருந்தால் அந்தப் பணம் எங்கே சென்று நின்றிருக்கும் என்று நினைக்க இன்றும் சங்கடமாக இருக்கிறது.

நடந்தது என்ன? நான் எழுதிய கட்டங்கள் பிணைக்கப்படாத பத்தியைச் சேர்ந்தவை. அவற்றில் அடிப்பது கட்டத்திலேயே தங்கும். மாணவர் என்னும் பொருளுக்குப் போய்ச் சேராது. ‘சேமி’ என்பதோ பொருள்களைத்தான் கோப்பில் எழுதியது. திரை ஒன்று சொன்னது, தரவு வேறொன்றை வைத்திருந்தது. போதாக்குறைக்கு, பட்டியலை மறுவரிசைப்படுத்தினால் பிணைக்கப்படாத பத்திகளின் மதிப்புகள் நிலைப்பதில்லை என்பதையும் பிறகு அறிந்தேன்.

இனிக் காரணத்துக்கு வருவோம். விண்டோஸ் ஃபார்ம்ஸின் மூலநிரலை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018 டிசம்பரில் எல்லோரும் படிக்கத் திறந்துவிட்டது. ஆகவே ஊகிக்க வேண்டிய தேவை இல்லை; படித்தே பார்த்துவிடலாம். படித்ததில் எனக்குத் தெளிவானது, கட்டப் பட்டியல் நம் பொருளை நேராகத் தொடுவதே இல்லை என்பதாகும். பிணைக்கும்போது அது முதலில் கேட்பது, “இந்தப் பட்டியலில் உள்ள பொருளுக்கு என்னென்ன பண்புகள் உண்டு?” என்பதே. விடையாக அதற்குக் கிடைப்பது பிராப்பர்ட்டி டிஸ்கிரிப்டர் என்னும் விவரிப்பான்களின் தொகுப்பு. ஒரு பண்புக்கு ஒரு விவரிப்பான். அலுவலகத்தில் ஒவ்வோர் அலமாரிக்கும் ஓர் ஆள் இருப்பது போல. காட்ட வேண்டுமானால் அந்த ஆளிடம் ‘எடுத்து வா’ என்கிறது, இதுவே கெட்வேல்யூ. பயனர் திருத்தினால் ‘கொண்டுபோய் வை’ என்கிறது, இது செட்வேல்யூ. வரிசைப்படுத்தச் சொல்லும்போதும் அந்த விவரிப்பானைத்தான் பட்டியலிடம் நீட்டுகிறது.

பத்திக்கு நாம் கொடுக்கும் தரவுப் பெயரை அந்த ஆட்களின் பெயர்களோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு மட்டும் பார்ப்பதில்லை. ‘முகவரி.ஊர்’ என்ற பெயரில் ஆள் எவரும் இல்லை. எனவே பத்தி பிணைக்கப்படாமல் நிற்கிறது. அதுவே அந்த வெறுமை. புள்ளியைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் கட்டப் பட்டியலுக்கு இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அதே விண்டோஸ் ஃபார்ம்ஸில் ஓர் எழுத்துப் பெட்டியை ‘முகவரி.ஊர்’ என்று பிணைத்தால் அது சரியாக ஊரைக் காட்டும்! எழுத்துப் பெட்டிக்கு எப்போதும் நடப்பு மாணவர் ஒருவரே உண்டு. அவருடைய முகவரியை எடுத்து, அதற்குள் இருக்கும் ஊரை எடுக்கலாம். கட்டப் பட்டியலோ அறுபத்திரண்டு பேரையும் ஒரே சமயத்தில் காட்ட வேண்டியது. நடப்பு என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு அது உள்ளே இறங்க முடியாது. எழுத்துப் பெட்டியில் பழகிவிட்டுக் கட்டப் பட்டியலுக்கு வருபவர் புள்ளியில் இடறுவது இயல்பே.

சற்று விலகி ஒரு செய்தி. கட்டப் பட்டியல் இவ்வளவு தட்டையாக இருப்பதற்கு நீண்ட பரம்பரை உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஈ. எஃப். காட் 1970 ஜூனில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் எடுத்துக்காட்டாக வைப்பது ஒரு பணியாளர் பதிவு. பணியாளருக்குள் பணி வரலாறு, அதற்குள் ஊதிய வரலாறு, பக்கத்தில் குழந்தைகள் என்று அதுவும் பெட்டிக்குள் பெட்டிதான். அவர் அதைப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனி அட்டவணையாக்கி, பணியாளர் எண்ணை ஒவ்வோர் அட்டவணையிலும் இட்டு இணைத்துக் காட்டினார். ஒரு கட்டத்தில் ஒரே எளிய மதிப்பு என்பது அங்கிருந்து வந்த ஒழுங்கு. 2002-இல் டாட் நெட் முதன்முதல் வந்தபோது இருந்த டேட்டா கிரிட்டும், 2005-இல் வந்த டேட்டா கிரிட் வியூவும் அத்தகைய அட்டவணைகளையே முதன்மையாக எதிர்பார்த்தன. நாம் பொருள்களை அடுக்கடுக்காகக் கட்டுகிறோம். அது அட்டவணையை எதிர்பார்க்கிறது. இடைவெளியை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும்.

நிரப்பும் வழிகள் சில உண்டு. எளியது, மாணவர் இனத்திலேயே ‘ஊர்’ என்று ஒரு பண்பை எழுதி, அது முகவரிக்குள் இருக்கும் ஊரை எடுத்துக் கொடுக்கவும் திருப்பி வைக்கவும் செய்வது. மூன்று நான்கு பத்திகளுக்கு மேல் தேவையில்லை என்றால் இதுவே போதும். வேறெதையும் தேட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் பத்திகள் பெருகினால் மாணவர் இனம் வீங்கிவிடும். இனம் பிறர் எழுதிய நூலகத்தில் இருந்தால் கை வைக்கவும் முடியாது.

லிங்க் வினவல் மூலம் பெயரில்லா இனமாகத் தட்டையாக்கிக் கொடுப்பது இன்னொரு வழி. அச்சுக்கும் பார்வைக்கும் மிக நன்று. அந்தப் பண்புகளுக்கு மாற்றும் உரிமை இல்லாததால் பயனர் எதையும் திருத்த இயலாது. கட்டத்தைத் திரையில் வரையும் நேரத்தில் எழும் செல் ஃபார்மேட்டிங் நிகழ்ச்சியைப் பிடித்து, புள்ளியைப் பிரித்து மதிப்பைக் கொடுப்பதும் பலர் கையாளும் முறை. இதிலும் பொருள் மாறாது. ஆனால் அடித்தது உடனே மறைந்து பழைய மதிப்பு வந்து நிற்கும். பயன் இல்லாவிட்டாலும் பொய் சொல்லாத முறை. நான் செய்ததைவிட மேல்.

நான் இறுதியில் கைக்கொண்ட வழி, ஆளையே மாற்றுவது. கட்டப் பட்டியல் நம்புவது விவரிப்பானை மட்டுமே என்றால், இரண்டு அறை தாண்டிச் சென்று எடுத்துவரத் தெரிந்த விவரிப்பானை நாமே செய்து கொடுத்துவிடலாம் அல்லவா?

பிராப்பர்ட்டி டிஸ்கிரிப்டர் என்பது முழுமை பெறாத மூல இனம். அதிலிருந்து நம் இனத்தைப் பிறப்பிக்கும்போது எட்டு உறுப்புகளை நாம் எழுதித்தர வேண்டும். எட்டில் பெரும்பாலானவை ஒரு வரியில் முடிவன. எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதற்கு மாணவர் என்று விடை சொல்ல வேண்டும். முகவரி என்று சொல்லக்கூடாது. மதிப்பின் வகைக்கு உள் பண்பின் வகையைச் சொல்ல வேண்டும். படிக்க மட்டுமா என்பதற்கும் உள் பண்பு சொல்வதையே சொல்லலாம். பழைய நிலைக்குத் திருப்பலாமா, சேமித்து வைக்க வேண்டுமா என்ற கேள்விகளுக்கு இல்லை என்றால் போதும். உயிர்நாடி எடுப்பதிலும் வைப்பதிலும்தான் இருக்கிறது.

என் விவரிப்பான் பிறக்கும்போதே இரண்டு விவரிப்பான்களைப் பெற்றுக்கொள்கிறது. வெளியாள் மாணவரிடமிருந்து முகவரியை எடுப்பவர்; உள்ளாள் முகவரியிலிருந்து ஊரை எடுப்பவர். எடுக்கும்போது வெளியாளை அனுப்பி முகவரியை வாங்க வேண்டும். முகவரியே இல்லை என்றால் வெறுமையைத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல் விண்ணப்பத்தில் முகவரி எழுதாத ஒரே ஒரு மாணவரால் திரை முழுவதும் பிழைச் செய்தியில் சிக்கிக்கொள்ளும். இருந்தால் உள்ளாளை அனுப்பி ஊரை வாங்கிக் கொடுக்கலாம்.

வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். முகவரி இல்லாத மாணவருக்குப் பயனர் ஊரை அடித்தால், புதிய முகவரி ஒன்றை உண்டாக்கி, வெளியாளைக் கொண்டு மாணவரிடம் வைத்துவிட்டுத்தான் ஊரை எழுத வேண்டும். அடுத்தது நான் ஒரு நாள் முழுவதும் மாட்டிக்கொண்ட இடம். சிக்கனம் என்று எண்ணி வங்கிக் கணக்கை இனமாக இல்லாமல் ஸ்ட்ரக்ட் வகையாக எழுதிப் பார்த்தேன். ஸ்ட்ரக்டை எடுத்தால் கைக்கு வருவது மூலம் அன்று, நகல். நகலில் குறியீட்டைத் திருத்திவிட்டு விட்டுவிட்டால் மூலம் அப்படியே இருக்கும், பழைய கதைதான். திருத்திய நகலை வெளியாளைக் கொண்டு மீண்டும் மாணவரிடம் வைத்தால்தான் வேலை முடியும்.

கணக்கு எண்ணை எண் வகையாக வைக்காமல் எழுத்துத் தொடராகவே வையுங்கள் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எண் வகையில் முன்னால் வரும் பூச்சியங்கள் உதிர்ந்துவிடும். பூச்சியத்தில் தொடங்கும் கணக்கு எண்கள் உண்டு.

இப்படிச் செய்த ஆட்களைக் கட்டப் பட்டியலுக்கு அறிமுகம் செய்வது எப்படி? பட்டியல் ஐடைப்டு லிஸ்ட் என்னும் இடைமுகத்தை உடையதாக இருந்தால், பண்புகள் எவை என்ற கேள்வி பட்டியலிடமே வரும். பைண்டிங் லிஸ்டிலிருந்து ஒரு பட்டியலைப் பிறப்பித்து, அந்த இடைமுகத்தின் இரண்டு செயல்களையும் எழுதினேன். ஒன்று பட்டியலின் பெயரைச் சொல்வது. மற்றொன்று விவரிப்பான்களின் தொகுப்பைக் கொடுப்பது. வழக்கமான பதிவு எண், பெயர் ஆகியவற்றின் விவரிப்பான்களோடு முகவரி_ஊர், வங்கி_குறியீடு முதலிய புதியவற்றையும் சேர்த்துக் கொடுத்தேன். புள்ளிக்குப் பதில் அடிக்கோடு இட்டது, எழுத்துப் பெட்டியில் புள்ளிக்குத் தனிப் பொருள் இருப்பதால். இடையில் பைண்டிங் சோர்ஸ் இருந்தாலும் கவலை இல்லை. அதுவும் உள்ளிருக்கும் பட்டியலைக் கேட்டே விடை சொல்கிறது.

இவ்வளவு உழைப்புக்கும் பலன் வரிசைப்படுத்தும்போது தெரிந்தது. பைண்டிங் லிஸ்டுக்கு இயல்பாக வரிசைப்படுத்தத் தெரியாது. அந்தச் செயலை நாம்தான் எழுத வேண்டும். ஆனால் எந்தப் பத்தியால் வரிசைப்படுத்துவது என்பதற்கு நம்மிடம் வருவது விவரிப்பானே. அதை அனுப்பி மதிப்பை எடுத்து ஒப்பிடும்படி எழுதினால், பெயர்வாரியாக வரிசைப்படுத்தும் அதே வரிகள் ஊர்வாரியாகவும் வரிசைப்படுத்துகின்றன. உள் பண்பு என்று தனியாக ஓர் எழுத்துக்கூட எழுதவில்லை.

தீராத சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. கட்டத்தில் அடிக்காமல், நிரலின் வேறோர் இடத்தில் ஊரை மாற்றினால் திரை அறியவில்லை. பைண்டிங் லிஸ்ட் தன்னிடம் உள்ள மாணவர்கள் ‘மாறினேன்’ என்று அறிவிப்பதைத்தான் கேட்கும். மாணவருக்குள் இருக்கும் முகவரி கூவினால் அதற்குக் கேட்காது. ஆகவே மாணவர் தன் முகவரியின் அறிவிப்புக்குக் காதுகொடுத்து, அதைத் தன் அறிவிப்பாக மறுபடி சொல்ல வேண்டும். முகவரியையே மாற்றும்போது பழையதிலிருந்து காதை எடுத்துவிடவும் வேண்டும். அறிவிப்பில் பண்பின் பெயரை வெறுமையாக விட்டால் பட்டியல் முழுவதும் புதுப்பிக்கப்படும். சிறிய பட்டியலுக்குப் பாதகமில்லை. பெரியதில் திரை துடிக்கும்.

மதிப்பெண்கள் போல உள்ளே இருப்பதே ஒரு பட்டியல் என்றால்? தானாகப் பத்திகளை உண்டாக்கும்போது கட்டப் பட்டியல் அத்தகைய பண்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது. மூடியின் பெயரைக்கூடப் படிப்பதில்லை. கீழே இரண்டாவது கட்டப் பட்டியல் வைத்து, அதன் பைண்டிங் சோர்ஸுக்கு முதல் பைண்டிங் சோர்ஸையே மூலமாகவும் ‘மதிப்பெண்கள்’ என்பதை உறுப்பாகவும் கொடுத்தால், மேலே எந்த மாணவரைத் தொட்டாலும் கீழே அவர் மதிப்பெண்கள் வரும். ஒரே வரியில் ஐந்து தாளும் வேண்டும் என்பவர், தாளின் குறியீட்டை மனத்தில் வைத்துக்கொண்டு தேடி எடுக்கும் ஐந்து விவரிப்பான்களைச் செய்துகொள்ளலாம்.

2006-இல் வந்த டபிள்யூ.பி.எஃப். முறையில் புள்ளி வைத்த பாதை எங்கும் செல்லுபடியாகும். 2010 முதல் அதில் உள்ள கட்டப் பட்டியலுக்கும் அவ்வாறே. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பாடு இல்லை. ஆயினும் பத்திகளைத் தானாக உண்டாக்கச் சொன்னால் அங்கும் இனத்தின் பெயரே வந்து நிற்கும்.

இவ்வாண்டுப் பட்டியலுக்குப் புதிய நிரலைக் கொடுத்தேன். அக்கா இருபத்தாறு குறியீடுகளைத் திருத்திச் சேமித்தார். பிறகு நிரலை மூடி, மீண்டும் திறக்கச் சொன்னார். திறந்தேன். அவர் நகல்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். ஊர்வாரியாக வரிசைப்படுத்தி மறுபடியும் ஒப்பிட்டார். அச்செடுத்து, அச்சிலும் ஒருமுறை பார்த்த பிறகே பட்டியலைக் கையெழுத்துக்கு அனுப்பினார்.